பதினோராவது சேனல்

பதினோராவது சேனலில் எதுவும் சொருகியிருக்கவில்லை. ஈஸ்வரபாண்டி அதை மூன்று தடவை பார்த்துவிட்டான். முதலில் மேலாக, பிறகு மொபைல் டார்ச்சை அடித்து, கடைசியில் விரலை வைத்துத் தடவி. வெறும் ஓட்டைதான். இருந்தும் அந்தச் சேனலுக்கு மேலே இருந்த குட்டிப் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. உள்ளே சத்தம் வந்தால் மட்டுமே எரிய வேண்டிய விளக்கு அது; சத்தம் கூடக்கூட மஞ்சளாகி, எல்லை மீறினால் சிவப்பாகும்.

எரிச்சல்தான் முதலில் வந்தது. பயமெல்லாம் அப்புறம். மூன்று மாதமாக இந்த மிக்சர் விவகாரம் அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான், இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான், எல்லாம் ஒரு வழியாகச் சரியாகிவிட்டது என்று நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்த முதுகு நாற்காலியில் படுவதற்குள் இந்த விளக்கு.

அவன் கேட்டது ஒன்றும் உலகத்தில் இல்லாத பொருளல்ல. மின்கருவிகளை மட்டும் வைத்து இசை செய்கிறவன் அவன். இரண்டு சிந்தசைசர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர், ஆக நாலு. டிரம் மெஷினில் தும்மென்று விழும் கிக் மட்டும் தனியாக ஒன்று, மற்ற தாளமெல்லாம் சேர்த்து இரண்டு. பேஸ் ஒன்று. மொத்தம் எட்டு. அந்த எட்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் இறக்கித் தர ஒரு மிக்சர் வேண்டும். இதைத்தான் தேனி பஜாரில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த ஜோயலிடம் போய்க் கேட்டான்.

"சர்ச்சுக்கா, மைக் செட்டுக்கா, கச்சேரிக்கா?" என்றான் ஜோயல்.

"மூணும் இல்ல. வீட்டுல, எனக்கு."

"மைக் எத்தன வரும்?"

"மைக்கே கிடையாது."

ஜோயல் கையிலிருந்த வயரை மேசையில் வைத்துவிட்டு அவனை நிதானமாகப் பார்த்தான். "பாடுறதுக்கு ஆளில்ல, மைக்கும் இல்ல. அப்ப மிக்சர் எதுக்குண்ணே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அவனுக்குப் பாதி ஆயுசு போயிற்று. ஜோயலுக்குப் புரிய வைக்க முடியாமல் ஆன்லைனில் ஒன்று வாங்கினான். பெட்டியில் யுஎஸ்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வந்து சொருகிப் பார்த்தால், எட்டுச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கி இரண்டாகத்தான் தந்தது. சாம்பாரைக் கொதிக்க வைத்து இறக்கிவிட்டு, இதிலிருந்து புளியை மட்டும் தனியாக எடு என்றால் எப்படி எடுப்பது. அதைத் திருப்பி அனுப்பினான். அடுத்து வந்ததில் ஒரு பக்கம் சத்தமே வரவில்லை. மூன்றாவதாக, ஜோயலே பாவம் பார்த்துக் கொச்சியிலிருந்து வரவழைத்துக் கொடுத்ததுதான் இந்தப் பன்னிரண்டு சேனல் மிக்சர். எட்டு அவனுக்கு. மிச்சம் நாலு சும்மா கிடக்கும். கிடக்க வேண்டும்.

இதற்கு மேல் தள்ளிப்போட நேரமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வாகமண்ணில் நடக்கப்போகும் இசை விழாவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நாற்பது நிமிட வாசிப்பைப் பதிவுசெய்து, எட்டுத் தடத்தையும் தனித்தனியாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். "ஆறு மணி கழிஞ்சா எடுக்க மாட்டோம், கேட்டோ" என்று போனில் பேசிய மலையாளத்துக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஒசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஒன்று மட்டும், இது அமையாவிட்டால் பழையபடி ஒசூருக்கே போய்விடுகிறேன் என்று உமாதேவியிடம் சொல்லியிருந்தான்.

உமாதேவி அவன் மனைவி. கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இப்போது வயிற்றில் ஆறு மாசம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய், இரண்டு தடவையும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை அவன் மறக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம், வரலாம், மாடிப்படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். ஆனால் அவன் இசை அறை இருந்தது மாடியில். காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், உமாவின் சித்தப்பா கட்டிப்போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போன வீடு. மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி, பதினாலு. பத்தாவது படியில் வெல்டிங் விட்டுப்போய் மிதித்தால் கிர்ரென்று ஆடும்.

"அதப் பத்த வச்சு விடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்பாள் உமா.

"வெள்ளிக்கிழமை முடியட்டும். நீ மேல வராம இரு."

"கீழருந்து கூப்பிட்டா உங்களுக்குக் காது கேக்குதாக்கும். காதுல அந்தக் குண்டானைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கீக." ஹெட்போனைத்தான் அப்படிச் சொல்வாள். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டம்ளரோடு ஏறி வந்துவிடுவாள்.

இந்த மிக்சர் வந்து இறங்கியதிலிருந்து இரைச்சல்தான் பிரச்சினையாக இருந்தது. ஸ்பீக்கரைத் திறந்தால் ங்ங்ம்ம் என்று ஒரே ரீங்காரம். தோட்டங்களுக்கு மும்முனைக் கரண்டு வந்து சுற்றுப்பட்டில் மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டால் அது இன்னும் தடிக்கும். வயரை மாற்றினான். பிளக்கை மாற்றினான். வீட்டு ஃபிரிட்ஜை அணைத்தான், மாவு புளித்து உமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் இன்று காலையில் எலக்ட்ரீசியன் சுருளியாண்டியைக் கூட்டி வந்தான். அவர் டெஸ்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எர்த்தே இல்ல தம்பி. கம்பியச் சும்மா செவத்துக்குள்ள சொருகி விட்டிருக்காக. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தகடு எறக்கணும். ரெண்டு நாளாவது ஆகும். எனக்கு வெள்ளி வரைக்கும் சின்னமனூர்ல வேல."

"அந்தா இருக்குல்ல போரு, அந்தக் கேசிங் பைப்புல கட்டிக்கிட்டா?"

அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான் அது. மோட்டாருக்கு எர்த் வேண்டுமென்றால் ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயில் வயரைக் கட்டிவிடுவார்கள். குழாய் ஈரத்தில் நிற்கும், வேலை முடிந்தது.

சுருளியாண்டி வீட்டுக்குப் பின்னால் பார்த்தார். தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் சாக்கைப் போட்டுக் கட்டியிருந்தது. "தண்ணி இருக்குற போருல கட்டுவாக. அது வெறும் போரு. காஞ்ச மண்ணு எங்கிட்டு எர்த்தப் பிடிக்கும்?" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அது போட்ட அன்னைக்கு நானும் இங்கனதான் நின்னேன். எண்ணூத்தி எழுவது அடி வரைக்கும் புழுதி வந்துச்சு. அப்புறம் புழுதியும் வரல. கம்ப்ரசர்ல விடுற காத்து மேல திரும்பி வரணும்ல? அதுவும் வரல. உள்ள போச்சு, அம்புட்டுத்தான். லாரிக்காரன் கம்பிய உருவிக்கிட்டு ராவோட ராவாப் போயிட்டான். அதுல கட்டாத, பிரயோஜனமில்ல" என்றார்.

அவர் பைக் தெருமுனை திரும்பியதும் அவன் போய்க் கட்டினான். வேறென்ன செய்வது, செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. துருவைச் சுரண்டி, குழாயில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கி, பச்சை வயரை இரும்புப் படியின் கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே மேலே ஏற்றி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தான். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தகரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு அடித்தது. அந்தக் காற்றிலும் குழாயின் வாயில் கட்டியிருந்த சாக்கு உப்பவில்லை, படபடக்கவில்லை. உள்பக்கமாகக் குழிந்து இறுக்கமாக நின்றது. அதை அவன் பார்த்தான். பார்த்ததோடு சரி.

மிக்சரின் பின்பக்கத் திருகில் வயரைச் சுற்றி முறுக்கிய அந்த நொடியில் இரைச்சல் நின்றது. குறையவில்லை, நின்றே போனது. அறையில் காற்றின் சத்தமும் அவன் மூச்சும்தான் மிச்சம். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. காய்ந்த மண் எர்த் பிடிக்காது என்றாரே சுருளியாண்டி அண்ணன், வந்து பார்க்கட்டும் என்று நினைத்தான். காய்ந்த மண் எப்படிப் பிடித்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த விளக்கு மின்னியது.

ஏதோ தவறிப்போய் ஒரு சத்தம் உள்ளே போயிருக்கும் என்று கிக்கை ஒரு தடவை தட்டினான். தும். ஒன்றாவது சேனலில் விளக்கு எரிந்தது, அது சரி. எட்டு வினாடி கழித்துப் பதினொன்றில் எரிந்தது. மறுபடி தட்டினான், அடுத்தடுத்து இரண்டு. எட்டு வினாடி கழித்து அங்கே இரண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினோராவது சேனலை மட்டும் கேட்டான். தும், தும். அவன் கிக்தான், ஆனால் சேற்றில் நனைத்து எடுத்த மாதிரி. அதைச் சுற்றி ஒரு பெரிய இடம் இருந்தது. சத்தம் அந்த இடத்தில் எங்கெங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது.

எதிரொலி எஃபெக்ட் எங்கேயோ திறந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவனும் எல்லாவற்றையும் மூடினான். சேனலை மியூட் செய்தான். மியூட் செய்தும் ஸ்பீக்கரில் வந்தது. தொண்ணூற்றுநாலு பக்கக் கையேட்டைப் படித்தான். ஜோயலுக்குப் போன் போட்டான்.

"ரீசெட் பண்ணிப் பாத்தீகளாண்ணே?"

"பண்ணிட்டேன்."

"அப்ப இன்னொரு தடவ பண்ணிப் பாருங்க."

சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது அவனுக்கு.

புதன்கிழமை அது ஐந்து வினாடியாகியிருந்தது. தட்டினால் ஐந்து வினாடியில் பதில் வந்தது. அவன் வேலைக்குச் சனியன் பிடித்ததே இதில்தான். எட்டு வினாடி என்றால் அதற்குத் தகுந்த மாதிரி எதையாவது செய்து சமாளிக்கலாம், மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? நாற்பது நிமிட வாசிப்பு முழுக்க ஒவ்வொரு தாளத்துக்கும் பின்னால் அழுக்காக இன்னொரு தாளம். சாயங்காலம் ஐந்தரைக்குப் படி ஆடும் சத்தம் கேட்டது. உமா டம்ளரோடு நின்றாள்.

"மேல வராதன்னு சொன்னேன்ல?"

"சுக்குக் காப்பி. ஆறிப்போச்சுன்னா குடிக்க மாட்டீக." அவள் மூக்கைச் சுளித்தாள். "என்ன இது, கிணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி வாட. இங்கன எதுவும் ஒழுகுதா?"

அவனுக்கும் அப்போதுதான் அது உறைத்தது. மிக்சரின் பக்கவாட்டில் சூடு வெளியேற விட்டிருந்த துளைகளிலிருந்து ஈரச் சேற்று வாடை வந்தது. கையை வைத்துப் பார்த்தான். மணிக்கணக்காக ஓடும் எந்திரம், சில்லென்று இருந்தது.

"படியில வயரு வேற சுத்தி வச்சிருக்கீக. கால் மாட்டுனா என்னாகும்?" என்றாள் உமா.

அவன் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து, சின்னதாக, சேற்றுக்குள்ளிருந்து, அவள் குரல் வந்தது. கால் மாட்டுனா என்னாகும். அந்த அறையில் மைக் கிடையாது. அவன் வாழ்க்கையில் மைக்கே வாங்கியதில்லை.

"என்ன, மொகம் ஒரு மாதிரி ஆகிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ கீழ போ. மெதுவா எறங்கு." அவளைக் கையைப் பிடித்துப் படி முழுக்க இறக்கிவிட்டான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமான புதுசில்கூட இப்படிப் பிடித்ததில்லையே என்றாள்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு வினாடி. மொபைலில் குறித்து வைத்தான். செவ்வாய் எட்டு, புதன் ஐந்து, இன்று இரண்டு. தொள்ளாயிரம் அடி ஆழத்துக்குச் சத்தம் போய்த் திரும்ப இரண்டு வினாடிகூட ஆகாது, அப்படியானால் செவ்வாய்க்கிழமை அந்த எட்டு வினாடி எங்கே போய் வந்தது என்று கணக்குப் போட ஆரம்பித்தான். பாதியில் விட்டுவிட்டான். எண் குறைந்துகொண்டே வந்தது. தூரத்தில் இருந்தது கிட்டே வந்தால்தான் அப்படிக் குறையும்.

கீழே இறங்கிப் போனான். சாக்கு இப்போது குழிந்திருக்கவில்லை. வெளிப்பக்கமாக உப்பி நின்றது. கட்டியிருந்த கம்பி சாக்கில் பதிந்து இறுகியிருந்தது. காற்று மரங்களை மேற்கிலிருந்து கிழக்கே சாய்த்துக்கொண்டிருந்தபோது, சாக்கு மட்டும் தன்பாட்டுக்கு நேர் மேலே உப்பியிருந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனான். சில்லென்று மூச்சு. அதே வாடை.

போல்ட்டைக் கழற்றி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே ஓடினான். பதினோராவது விளக்கு அணைந்து கிடந்தது. அப்பாடா என்று ஸ்பீக்கரைத் திறந்தான். ங்ங்ம்ம் என்று பழைய இரைச்சல், முன்னைவிட இரண்டு மடங்கு. எதை வாசித்தாலும் அதற்கு மேல் அந்த ரீங்காரம். நாளைக்கு ஆறு மணி. சுருளியாண்டிக்குப் போன் போட்டான், அவர் எடுக்கவில்லை. மத்தியானம் வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். ஒசூரில் அந்தக் கம்பெனி வாசலில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்குக் கீழே போய், சாக்கைப் பார்க்காமல், வயரைத் திரும்பக் கட்டினான்.

சாயங்காலம் இடைவெளியே இல்லை. அவன் தட்டும்போதே அதுவும் தட்டியது. ஒன்றாவது விளக்கும் பதினோராவது விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்ததில் சத்தம் கனத்துப்போய், நன்றாகக்கூட இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டான். நாளைக்கு ஒருநாள். அனுப்பிவிட்டு வயரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். படியையும் பற்றவைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஆரம்பித்து ஒரே மூச்சில் வாசித்தான். நாற்பது நிமிடம், ஒரு பிசிறு இல்லை. இந்த மாதிரி அவன் வாசித்ததே இல்லை. முடித்துவிட்டு எட்டுத் தடத்தையும் அனுப்பப் போட்டான். நெட் ஊர்ந்தது. ஐந்து மணிக்கு நாற்பது சதவீதம். அது ஏறுகிற வரைக்கும் திரையில் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவது தடமும் பதிவாகியிருந்தது. அவன் போடச் சொல்லவில்லை.

முதலாவது தடத்தின் அலைக்கோட்டில் கிக் ஒவ்வொன்றும் ஒரு முள்ளாக நின்றது. பதினோராவதிலும் அதே முட்கள். ஆனால் நேர்கீழே இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சமாக விலகி, போகப்போக அதிகமாக விலகி. இடது பக்கம்.

இடது பக்கம் என்றால் முன்னால். அவன் தட்டுவதற்கு முன்னால்.

ஹெட்போனை மாட்டினான். மிக்சரில் பதினோராவது சேனலை மட்டும் திறந்தான். சொட்டு விழும் சத்தம். பெரிய, ஈரமான இடம். அதற்குள் அவன் போன் மணி அடித்தது, சேற்றுக்குள்ளிருந்து. மேசையில் கிடந்த போனைப் பார்த்தான். அது அமைதியாகக் கிடந்தது. ஹெட்போனில் உமாவின் குரல், பஸ் இரைச்சலோடு. "முடிச்சிட்டீகளா? உங்களுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். வாரேன்."

முக்கால் நிமிடம் போயிற்று. மேசையில் போன் அடித்தது.

"முடிச்சிட்டீகளா?" என்றாள் உமா. பஸ் இரைச்சல். "உங்களுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். வாரேன்."

மேலே வராதே என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பப் போட்டான். தொடர்பு எல்லைக்கு அப்பால். மறுபடி போட்டான். எல்லைக்கு அப்பால். ஸ்டாப்பிங்கில் இறங்கி வீட்டுக்கு வர எப்படியும் அரை மணி ஆகும், அதற்குள் கீழே போய் வாசலில் நின்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். தொண்ணூறு சதவீதம். தொண்ணூற்றொன்று. இந்தா முடியப்போகிறது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி அறை மங்கியது. லைட்டைப் போடவும் எழுந்திருக்கவில்லை. ஹெட்போனையும் கழற்றவில்லை. கழற்றினால் அது என்ன சொல்கிறதென்று தெரியாமல் போகுமே.

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பி முடிந்ததென்று திரையில் வந்தது. அதே நேரத்தில் ஹெட்போனில் கேட் திறந்தது.

செருப்புச் சத்தம். இரும்பில். ஒன்று. இரண்டு. மெதுவாக, கனத்த வயிற்றோடு ஏறுகிற கால். அவன் எண்ணினான். ஒன்பது. பத்து. கிர்ரென்று படி ஆடியது. நின்றது. "என்னங்க?" உமாவின் குரல். பிறகு ஒரு கத்தல். "உமா." அவன் குரல். அவனுடைய சொந்தக் குரல், தொண்டை கிழிய. டிபன் பாக்ஸ் படியில் விழுந்து உருண்டது. டங். டங். டங். மூன்று படி. பிறகு கனமாக ஒன்று.

பிறகு சத்தமில்லை. சொட்டு மட்டும். அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று நிதானமாக மூச்சு விட்டது. காதுக்குப் பக்கத்தில்.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான்.

கீழே கேட் திறந்தது.

கத்தக் கூடாது. அது மட்டும்தான் தெரிந்தது அவனுக்கு. அவன் கத்தியதில்தான் அவள் பயந்துபோய் விழுந்தாள். கத்தாவிட்டால் விழமாட்டாள். சுவரில் மிக்சரின் பிளக்கைப் பிடுங்கினான். ஸ்பீக்கர் பிளக்கையும் பிடுங்கினான். கம்ப்யூட்டரை அணைத்தான். விளக்கெல்லாம் செத்தன. அறை இருண்டது. ஒன்று. இரண்டு. படியில் செருப்புச் சத்தம். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். நாலு. ஐந்து. கதவுக்குப் போனான். தோளால் மெல்லத் தள்ளித் திறந்தான்.

காற்று முகத்தில் அறைந்தது. உமா ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரு கை கைப்பிடியில், அந்தப் பச்சை வயரின்மேல். இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

ஒரு கையை எடுத்து, நில் என்று காட்டினான். மறு கை வாயை விடவில்லை.

நின்றுவிட்டாள். ஒரு கால் ஒன்பதில். ஒரு கால் பத்தில். கிர்ரென்றது.

"என்னங்க?"

தலையை ஆட்டினான். இறங்கு, இறங்கு என்று கையால் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. சரி என்று தலையசைத்தாள். பத்திலிருந்து காலை எடுக்கப்போனாள். எடுத்துவிடுவாள். ஒரு நொடி. அவ்வளவுதான் வேண்டும்.

அப்போது அவள் சிரிப்பு நின்றது. அவள் பார்த்தது அவனை அல்ல. அவன் தோளுக்குப் பின்னால், அறைக்குள்.

அவன் திரும்பவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியில் பார்த்தான். இரண்டு கண்ணாடியிலும் அவன் நிழல். நிழலுக்குப் பக்கத்தில், இருட்டுக்குள், ஒரு புள்ளி.

பச்சை.

பிளக்கைப் பிடுங்கியிருந்தான். போர்க் குழாயில் கட்டிய வயரைக் கழற்றவில்லை.

மஞ்சள்.

இரண்டு கைகளாலும் வாயை அமுக்கினான். பல்லில் ரத்தம் உப்புக் கரித்தது. ஈரச் சேற்று வாடை முதுகை வந்து தொட்டது.

சிவப்பு.

"உமா."

அவன் குரல். தொண்டை கிழிய. அவன் வாயைத் திறக்கவே இல்லை.

டிபன் பாக்ஸ் அவள் கையிலிருந்து நழுவியது. டங். டங். டங்.

மூன்று வரை எண்ணினான். அடுத்த சத்தம் எதுவென்று அவனுக்குத் தெரியும்.